இரும்புக்கடை அக்கா மூஞ்சி

பேரைச் சொன்னா வில்லியனூர்ல இன்னிக்கும் பாதிப் பேரு "ஓ, அவங்களா"ன்னு சிரிச்சிடுவாங்க. அதனால பேரு வேணாம். எங்களுக்கு அவங்க இரும்புக்கடை அக்கா. ஆணி, கம்பி, கடப்பாரை, மண்வெட்டி, கீலு, தாழ்ப்பா, வாளி, இருப்புச்சட்டின்னு தலைய முட்டுற அளவுக்குச் சாமான் தொங்குற கடை. எங்க அம்மா வூடு அதுக்கு எதிர்வாடை. பொறந்ததுலேர்ந்து கல்யாணம் ஆகி ஏம்பலம் போற வரைக்கும், காலைல கதவைத் தொறந்தா எனக்கு மொதல்ல தெரியிறது அந்த மூஞ்சிதான்.

அந்த மூஞ்சியப் பத்தித்தான் சொல்ல வந்தேன். அக்காவுக்குக் கணக்கு வரும், பேச்சு வரும், ஒரு கட்டு கடப்பாரைய ஒத்தை ஆளா தூக்குற தெம்பு உண்டு. ஆனா மனசுக்கும் மூஞ்சிக்கும் நடுவுல நமக்கெல்லாம் ஒரு கதவு இருக்குமே, அது மட்டும் அவங்களுக்கு வைக்கவே இல்ல. உள்ள எது நடந்தாலும் அடுத்த நிமிஷம் வெளிய வந்து நிக்கும். அந்த மூஞ்சிய வச்சிக்கினு ஒருத்தங்க வியாபாரம் எப்படிப் பண்ண முடியும்? அதைத்தான் நானும் இன்னிக்கு வரைக்கும் கேட்டுக்கினு இருக்கேன்.

மெட்ராஸ்லேர்ந்து ஆணிக் கம்பெனி ஆளு மாசா மாசம் ஆர்டர் எடுக்க வருவான். வெலையச் சொல்லுவான். அக்கா வாய், "ஐயோ, கட்டுப்படியாவாதுப்பா"ங்கும். மூஞ்சி, "ஆஹா, நெனச்சதுக்கு இது கம்மியாச்சே"ன்னு பூரிச்சிப் போவும். அவன் வாயைப் பாக்கவே மாட்டான். "மன்னிச்சிடுங்கம்மா, பழைய வெலையச் சொல்லிட்டேன்"னு அங்கேயே ஏத்திடுவான். அக்காவோட வூட்டுக்காரரு, நான் மாமான்னு கூப்பிடறவரு, பொறுத்துப் பொறுத்துப் பாத்தாரு. கடைசியில ஒரு வழி கண்டுபிடிச்சாரு. கம்பெனி ஆளு வந்தா அக்கா ஒரு பெரிய இருப்புச்சட்டிய எடுத்து மூஞ்சிக்கு நேரா பிடிச்சிக்கணும், ஓட்டை கீட்டை இருக்குதான்னு பாக்குற மாதிரி. சட்டிக்குப் பின்னாலேர்ந்து பேரம் பேசணும். பேசினாங்களே! ரொம்ப நாளு நடந்துச்சு. அந்த ஆளும் லேசுப்பட்டவன் இல்ல, சட்டிக்கு வெளிய தெரியிற காதைப் பாக்கக் கத்துக்கினான். சந்தோஷம் வந்தா அக்காவுக்குக் காது ரெண்டும் செவந்துடும்.

சாமான் வாங்க வர்றவங்களும் அப்படித்தான். "இந்த வாளி தாங்குமாக்கா?"ன்னு கேட்டுட்டு மூஞ்சிய ஒரு பார்வை. "ஓ, நல்லாத் தாங்கும்"னு பதிலு வந்துக்கினு இருக்கும்போதே அதைக் கீழ வச்சிட்டுப் பக்கத்து வாளிய எடுப்பாங்க. அக்காவுக்குப் பொத்துக்கினு வரும்.

"தாங்கும்னுதானேடி சொன்னேன்?"

"நீங்க சொன்னீங்கக்கா. மூஞ்சி சொல்லலையே."

என் கல்யாணத்துல நடந்ததைக் கேளுங்க. ஏம்பலத்துலேர்ந்து என்னைப் பொண்ணு கேட்டு வந்தவங்க, எதிர்க்கடையில ஒரு வார்த்தை விசாரிக்கலாம்னு போனாங்க. எங்க அம்மா, "அவகிட்டயா போறாங்க, எல்லாம் முடிஞ்சிது"ன்னு தலையில கைய வச்சிக்கினு ஒக்காந்துட்டாங்க. "பொண்ணு கொணம் எப்படிங்க?" "தங்கம்." மூஞ்சியும் தங்கம்னுச்சு. "வேலை வெட்டி?" "பம்பரமா சுத்துவா." மூஞ்சியும் ஆமான்னுச்சு. "சமையலு?" அக்கா, "அதுக்கு இன்னா, பிரமாதம்"னாங்க. மூஞ்சி நான் வச்ச ரசத்தை ஞாபகம் வச்சிருந்துச்சு போல. மாப்பிள்ளை அங்கேயே சிரிச்சிட்டாராம். "மத்த ரெண்டும் உண்மைன்னு தெரிஞ்சிதில்ல, போதும்"னு ஒத்துக்கினாரு. எங்க வூட்டுல இன்னிக்கும் ரசம் அவருதான் வைக்கிறாரு.

இப்படிப்பட்டவங்க ஏலச்சீட்டு நடத்தினா எப்படி இருக்கும்? ஜனம் முண்டியடிச்சிக்கினு வந்து சேந்துச்சு. சீட்டுப் பணத்தைச் சுருட்டிக்கினு ஓடிப் போனவன் கதை ஆளாளுக்கு ஒண்ணு தெரியும். அக்கா ஓடணும்னு நெனச்சா, நெனச்ச அன்னிக்கே மூஞ்சில தெரிஞ்சிடுமே! அதுக்கு மேல இன்னா ஜாமீன் வேணும்? வில்லியனூரு, ஏம்பலம், கரியமாணிக்கம்னு எல்லா ஊருலேர்ந்தும் சேந்தாங்க. நாங்களும் சேந்தோம்.

ஏலச்சீட்டு தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். மாசா மாசம் எல்லாரும் பணம் கட்டணும். சேர்ற மொத்தத்தை அந்த மாசம் ஒருத்தர் எடுத்துக்கலாம். யாரு எடுக்கறதுன்னு ஏலம். "எனக்கு இவ்ளோ கொறைச்சிக் கொடுத்தா போதும்"னு யாரு அதிகமாத் தள்ளிக் கேக்கறாங்களோ அவங்களுக்கு. தள்ளின காசு மத்தவங்களுக்குப் பங்காப் போவும். அவசரக்காரனுக்குக் கையில பணம், அவசரம் இல்லாதவனுக்கு லாபம். கேட்ட தள்ளை வாபஸ் வாங்கக் கூடாது; அக்கா ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்னு சொல்லிட்டா முடிஞ்சிது. எங்க சீட்டுல எப்பவும் தள்ளு கொஞ்சமாத்தான் இருக்கும். யாருக்கும் பயமே இல்லையே, அப்புறம் எதுக்கு அவசரம்?

பயம் வந்தது எண்பதுகள் முடியப் போற ஒரு ஐப்பசியில. வந்த நேரத்தைப் பாருங்க, அப்பத்தான் எங்க வூட்டுக்கு மேல கூரை இல்ல.

ஓட்டு வூட்டை எடுத்துட்டுத் தளம் போடலாம்னு எறங்கியிருந்தோம். கரும்புக் காசை மில்லுல இழுத்தடிச்சதுல புரட்டாசி கையை வுட்டுப் போயிடுச்சு. கொத்தனாரு வந்து, "இப்ப பிரிச்சாத்தான் அடைமழைக்கு முன்னாடி தளம் போட முடியும், உங்க இஷ்டம்"னாரு. பிரிச்சாச்சு. செவரு நாலும் நிக்குது, மேல வெறும் வானம். என் மாமியாரு அடுப்புக்குக் கொடை பிடிச்சிக்கினு கொழம்பு கொதிக்க வச்சாங்க. காக்கா நேரா உள்ள எறங்கி, நான் எடுத்து வச்ச வடையத் தூக்கிக்கினு நேரா மேல போச்சு. கேக்கச் சிரிப்பா இருக்குதில்ல? அப்ப அழுகையா வந்துச்சு.

சிமெண்டுக்கும் கம்பிக்கும் அந்த மாசச் சீட்டைத்தான் நம்பியிருந்தோம். வேற யாருக்கும் அந்த மாசம் பணமுடை இல்லன்னு எங்க வூட்டுக்காரரு நைசா எல்லார்கிட்டயும் விசாரிச்சி வச்சிருந்தாரு. கொஞ்சமாத் தள்ளி எடுத்துடலாம்னு கணக்கு. அந்தக் கணக்குல அவரு அமெரிக்காவைச் சேக்கல.

எங்களுக்கு அப்ப தெரியாத ஒண்ணை இப்பவே சொல்லிடறேன். அக்காகிட்ட ஷேர் இருந்துச்சு. பம்பாய்ல வேலை பாக்குற அவங்க தம்பி சொல்லிக் கொடுத்து, கடை லாபத்துல கிள்ளிக் கிள்ளி வாங்கிப் பெட்டியில பூட்டி வச்சிருந்தாங்க. எப்பவாவது அதை வித்து ரயிலேறி, பம்பாயையும் அந்தப் பக்கத்து ஊருங்களையும் ஆசை தீர சுத்தணும்னு ஒரு கனவு. இரும்பு விக்கிறவ காகிதம் வாங்கி வச்சிருக்கான்னு ஊரு சிரிக்கும்னு மாமாவைத் தவிர யார்கிட்டயும் மூச்சு வுடல. 

அந்த வாரம் ரேடியோ நியூஸ்ல, அமெரிக்காவுல ஷேர் மார்க்கெட் தலைகுப்புற வுழுந்துடுச்சுன்னாங்க. அப்புறம் பாத்தா ஜப்பான்லயும் வுழுந்துச்சு. லண்டன் வுழுந்துச்சு. ஹாங்காங்ல சந்தையவே இழுத்து மூடிட்டாங்கன்னாங்க. அக்கா கல்லாவுல ஒக்காந்துக்கினு, ஒவ்வொரு தேசமா வுழ வுழ, அடுத்தது பம்பாய், அதுக்கடுத்தது நம்ம பெட்டின்னு எண்ணிக்கினு இருந்திருக்காங்க. மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு நீங்களே பாத்துக்கங்க.

கரியமாணிக்கத்துலேர்ந்து ஒரு கரும்புக்காரரு மண்வெட்டி வாங்க வந்தாரு. எங்க சீட்டுல இருக்கிறவருதான். மூஞ்சியப் பாத்தாரு. மீதிச் சில்லறையக் கூட வாங்கல, ஓடிப் போயி பஸ்ஸுல ஏறிட்டாரு. "இன்னாக்கா ஆச்சு?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அக்கா அத்தனையும் கொட்டியிருப்பாங்க. கேக்கலையே! அங்கதான் நாங்க எல்லாரும் கெட்டது. வருஷக்கணக்கா மூஞ்சியப் பாத்தே காரியத்தை முடிச்சி, வாயைக் கேக்கற பழக்கமே எங்களுக்கு வுட்டுப் போச்சு. பயந்து போயிருக்கேன்னு மூஞ்சி சொல்லும். எதுக்குப் பயம்னு அது எப்படிச் சொல்லும்?

பஸ்ஸுல ஏறும்போது "அக்கா மூஞ்சி சரியில்லப்பா"ன்னு இருந்த பேச்சு, ஏம்பலத்துல எறங்கும்போது "சீட்டு கவுந்துடுச்சாம்"னு ஆயிடுச்சு.

அக்கா சீட்டு ஏலம் ஞாயித்துக்கிழமைதான். கரும்புக்காரருக்கு அதுவரைக்கும் கையக் கட்டிக்கினு இருக்க முடியல. கரியமாணிக்கத்துல ரைஸ்மில்காரரு நடத்துற சீட்டுலயும் அவருக்கு ஒண்ணு இருந்துச்சு. அந்தச் சீட்டு கல்லு மாதிரி நல்லாத்தான் இருந்துச்சு. இங்க போற காசை அங்க எடுத்து ஈடு கட்டிக்கலாம்னு வியாழக்கிழமை ஏலத்துல போயி கன்னாபின்னான்னு தள்ளிக் கேட்டாரு. பாத்தவங்க சும்மா இருப்பாங்களா? "இவரே இப்படித் தள்றாருன்னா ரைஸ்மில்லுல என்னமோ இருக்குதுடா"ன்னு போட்டி போட்டாங்க. அதுல சீட்டு கெடைக்காதவங்கள்ல ரெண்டொருத்தருக்குப் பாகூர்ல ஜவுளிக்கடைக்காரரு சீட்டு. அது வெள்ளிக்கிழமை. அங்க போயி அதே கூத்து. ரைஸ்மில்காரரும் ஜவுளிக்கடைக்காரரும், தான் இன்னா தப்பு பண்ணோம்னே தெரியாம முழிச்சாங்களாம்.

இந்தப் பேச்சு எங்க தெருவுக்கும் வந்துச்சு. அக்கா நமக்குச் சின்ன வயசுலேர்ந்து பழக்கமாச்சே, நேராவே போயிப் பாத்துட்டு வந்துடலாம்னு வெள்ளிக்கிழமை காலைல வில்லியனூருக்குப் போனேன். போகாமயே இருந்திருக்கலாம்.

கடைக்கு ஆளு வர்றது கொறைஞ்சதைப் பாத்துட்டு, மாமா முந்தின நாளு அக்காவுக்கு ஒரு யோசனை சொல்லியிருக்காரு. "ஜனங்க உன் மூஞ்சியப் பாத்துத்தான் பயப்படுது. நாளைலேர்ந்து சிரிச்சிக்கினே இரு." அக்காவும் கண்ணாடி முன்னாடி நின்னு பழகியிருக்காங்க. அந்தச் சிரிப்பை நான் எப்படிச் சொல்லுவேன்! வாய் ரெண்டு பக்கமும் காது வரைக்கும் போயி நின்னுச்சு. கண்ணு ரெண்டும் மட்டும் காப்பாத்துங்க காப்பாத்துங்கன்னு கத்துச்சு.

"வாடி வா! வூட்டு வேலை எப்படிப் போவுது? ஹா ஹா!"

"ஓட்டைப் பிரிச்சாச்சுக்கா. மழைதான் பயமா இருக்குது."

"ஹா ஹா! நல்லது, நல்லது!"

ஓட்டைப் பிரிச்சிட்டு வானத்தைப் பாத்துக்கினு நிக்கிறவளைப் பாத்து யாராவது ஹா ஹாம்பாங்களா? எனக்குப் பக்கத்துல ஒரு அம்மா சட்டிக்கு வெலை பேசிக்கினு இருந்தாங்க. சட்டியக் கீழ வச்சிட்டு, செருப்பைக் கூட சரியா மாட்டாம எறங்கி நடந்தாங்க. ஒருத்தரு சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டாமயே மிதிச்சிக்கினு போனாரு. நானும் ஓடினேன், பொய் சொல்லுவானேன். அக்கா பின்னாடியே, "ஏண்டி, காப்பி குடிச்சிட்டுப் போ, ஹா ஹா!"ன்னாங்க. அந்தச் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னைத் தொரத்துச்சு.

வூட்டுக்கு வந்ததும் எங்க வூட்டுக்காரர்கிட்ட, "எவ்ளோ தள்ளினாலும் சரி, ஞாயித்துக்கிழமை எடுத்துடுங்க"ன்னுட்டேன். சனிக்கிழமை பாகூர்லேர்ந்து என் நாத்தனா மூச்சிரைக்க வந்து எறங்கினா. "அண்ணி, பாகூரே ஆட்டம் கண்டுடுச்சு. வில்லியனூர்ல இருக்கிறதையாவது எடுத்துடுங்க"ன்னா.

"பாகூருக்கு இன்னாடி வந்துச்சு?"

"தெரியல அண்ணி. எல்லாரும் சொல்றாங்க."

ஞாயித்துக்கிழமை கடை வாசல்ல நிக்க எடம் இல்ல. வானம் கறுத்துக்கினு வந்துச்சு. எப்பவும் ஏலம்னா டீ வரும், கேலி இருக்கும். அன்னிக்கு ரெண்டும் இல்ல. அக்கா முக்காலியில ஒக்காந்திருந்தாங்க. சிரிப்பு போயிடுச்சு. மூஞ்சி முன்னையவிட மோசம். "கேளுங்கப்பா"ன்னதும், கரும்புக்காரரு எடுத்த எடுப்புலயே, நாங்க தள்ளலாம்னு நெனச்சிருந்ததுக்கு ரெண்டு பங்கு தள்ளினாரு. இன்னொருத்தரு அதுக்கு மேல. எங்க வூட்டுக்காரரு அதுக்கு மேல. சந்தையில மாடு மெரண்ட மாதிரி ஆளாளுக்குக் கத்தினாங்க. கடைசியில எங்க வூட்டுக்காரரு எழுந்திரிச்சி நின்னு, கண்ணை மூடிக்கினு, "பாதி! பாதிப் பணம் போதும்!"னாரு.

பாதிய வுட்டுக் கொடுக்க வேற யாருக்கும் மனசு வரல.

"ஒருதரம்"னாங்க அக்கா.

பாதிக் காசுல பாதித் தளம்தான் போடலாம். மீதிப் பாதிய எங்க மாமியாரு கொடை பிடிச்சிக்கினு நிப்பாங்களா?

"ரெண்டுதரம்."

எனக்கு எங்கேர்ந்துதான் அவ்ளோ கோவம் வந்துச்சோ. ஆம்பளைங்க கூட்டத்தை இடிச்சித் தள்ளிக்கினு போயி அக்கா முன்னாடி நின்னேன். "நிறுத்துங்கக்கா! எதுக்கு இந்த மூஞ்சி? இப்ப இன்னா பயம் உங்களுக்கு? வாயைத் தொறந்து சொல்லித் தொலைங்க!"

அக்கா கொட்டிட்டாங்க. "பாகூர் சீட்டு கவுந்துடுச்சாமேடி! எனக்கு அங்க ஒரு சீட்டு இருக்குது. அது போனா நான் இன்னா பண்ணுவேன்?"

"பாகூரு ஏன் கவுந்துச்சு?"

"கரியமாணிக்கம் கவுந்துச்சாமே, அதனாலன்னு சொல்றாங்க."

"கரியமாணிக்கம் ஏன் கவுந்துச்சு?"

அங்க மொதல்ல தள்ளினவரு இங்கதானே நிக்கிறாரு. நான் திரும்பிக் கரும்புக்காரரைப் பாத்தேன். அவரு தொண்டையக் கனைச்சிக்கினு, "அதும்மா, இங்க அக்கா மூஞ்சியப் பாத்துட்டு நான்தான் அங்க போயி..."ன்னு இழுத்தாரு.

"என் மூஞ்சியா?" அக்கா எழுந்திரிச்சிட்டாங்க. "என் மூஞ்சியப் பாத்துத்தான் பாகூரு கவுந்துச்சா? அதைக் கேட்டுத்தான் எனக்கு இப்ப மூஞ்சி இப்படி ஆச்சா?"

"ஆமாங்கக்கா. மொதல்ல எதுக்கு ஆச்சு, அதைச் சொல்லுங்க."

"அமெரிக்காவுல வுழுந்துதேடி!"

அமெரிக்காவான்னு கூட்டமே கேட்டுச்சு. அக்கா ஷேர் வாங்கின கதையக் கடகடன்னு ஒப்பிச்சாங்க. மாமா நடுவுல பூந்து விளக்கினாரு: "அமெரிக்காவுல அடிபட்டவன், கை நஷ்டத்தை ஈடு கட்ட, லண்டன்ல நல்லா இருக்கிற ஷேரையும் விக்கிறான்பா. அதைப் பாத்து லண்டன்காரன், இவன் விக்கிறானே, இதுல என்னமோ இருக்குதுன்னு அவனும் விக்கிறான். அங்க அடிபட்டவன் அடுத்த தேசத்துல விக்கிறான். அப்படியே ஊரு ஊராப் பத்திக்கினு போவுது."

கரும்புக்காரரு வாயைப் பொளந்துட்டாரு. "நான் ரைஸ்மில் சீட்டுல பண்ண மாதிரியே இருக்குதே!"

"அதேதான்."

"அப்ப நான் அமெரிக்காக்காரன் பண்ணதைத்தான் பண்ணேனா?" அவரு மூஞ்சில ஒரு பெருமை வந்துச்சு பாருங்க!

"சரி மாமா, பம்பாய் வுழுந்துச்சா?"ன்னு நான் கேட்டேன்.

மாமா தலையச் சொறிஞ்சாரு. "அது... லேசா ஆடிச்சு. அவ்ளோதான்."

"இன்னாது! பம்பாய்க்கே வராதது ஏம்பலத்துக்கு வந்துடுச்சா?"ன்னு எங்க வூட்டுக்காரரு கேட்டாரு.

மொதல்ல சிரிச்சது அக்காதான். பழகி வச்ச ஹா ஹா இல்ல. வயித்தைப் பிடிச்சிக்கினு, முக்காலிய உருட்டி வுட்டு, கண்ணுல தண்ணி கொட்டி, காது ரெண்டும் செக்கச்செவேல்னு ஆயி, "ஐயோ, என் மூஞ்சி பாகூரு போயிட்டு வந்துச்சே! டிக்கெட் கூட எடுக்காம போயிட்டு வந்துச்சே!"ன்னு சிரிச்ச சிரிப்பு. அந்த மூஞ்சில பொய் வராதுன்னுதான் எங்க எல்லாருக்கும் தெரியுமே. கரும்புக்காரரு சிரிச்சாரு, என் நாத்தனா சிரிச்சா, தெருவுல போனவங்க எதுக்குன்னே தெரியாம நின்னு சிரிச்சாங்க. கூட்டத்துல இருந்த பயம் போன எடம் தெரியல.

பயம் போனதும் இன்னா வந்துச்சு? ஆசை வந்துச்சு. கண்ணைத் தொடச்சிக்கினு கரும்புக்காரரு, "சரிக்கா, மூணாந்தரம் சொல்லுங்க"ன்னாரு. "இவரு பாதிக்குத் தள்ளியிருக்காரே. மீதிப் பாதி எங்களுக்குப் பங்கு வரணுமில்ல?"

"ஆமாமா! கேட்டது கேட்டதுதான்!" கொஞ்சம் முன்னாடி நடுங்கிக்கினு நின்ன அத்தனை பேரும் கோரஸ் பாடினாங்க. எங்க வூட்டுக்காரரு வெளிறிப் போயிட்டாரு. முறைப்படி பாத்தா அவங்க சொல்றதுதான் சரி, கேட்ட தள்ளை வாபஸ் வாங்க முடியாது. வெளிய ஒண்ணு ரெண்டு தூறல் வுழ ஆரம்பிச்சிது.

அக்கா முக்காலிய நிமித்திப் போட்டு ஒக்காந்தாங்க. "மூணாந்தரம் சொல்ல வேண்டியது யாரு?"

"நீங்கதான்."

"நான் சொல்லல."

"அது எப்படிக்கா? நியாயம்னு ஒண்ணு இருக்குதில்ல?"

"நீங்க பயந்தது என் மூஞ்சியப் பாத்து. அந்தப் பயத்துல அவரு பாதிக்கு வந்தாரு. என் மூஞ்சி பண்ண தப்புக்கு ஒருத்தன் வூடு நனையணுமா? மொதல்லேர்ந்து ஏலம். இது புடிக்கலையா, இத்தினி மாசமா கட்டின பணத்தை இங்கயே வாங்கிக்கினு போங்க." உள்ள போயி ஒரு துணிப்பையத் தூக்கிக்கினு வந்து பலகையில டொப்புனு போட்டாங்க. கட்டுக் கட்டா நோட்டு. "யாருக்கு வேணும்? வாங்க!"

எல்லாரும் பையைப் பாக்கல. மூஞ்சியத்தான் பாத்தாங்க. கொடுத்துடுவேன்னு மூஞ்சி சொல்லுச்சு. கொடுத்துடுவாங்கன்னு தெரிஞ்சதுக்கப்புறம் யாருக்கு வேணும்? ஒரு ஆளு கைய நீட்டல. கரும்புக்காரரு, "அட, சும்மா கேட்டேன்கா"ன்னு காதைத் தடவிக்கினாரு. திரும்ப ஏலம் நடந்துச்சு. எப்பவும் போல கொஞ்சமாத் தள்ளி எங்க வூட்டுக்காரரு எடுத்தாரு. மூணாந்தரத்தை அக்கா தெருவுக்கே கேக்குற மாதிரி கத்தினாங்க.

அந்தச் சிரிப்பும் அதே பஸ்ஸைப் புடிச்சிதான் போயிருக்கணும். ரெண்டொரு நாள்ல கரியமாணிக்கமும் பாகூரும் பழையபடி அடங்கிடுச்சு. நாங்க ராத்திரி பகல்னு பாக்காம சாமான் எறக்கித் தளம் போட்டோம். போட்டு எறுகினதும் மழை பிச்சிக்கினு ஊத்துச்சு. தளத்துக்குத் தண்ணி கட்டுற வேலை மிச்சம்னு கொத்தனாரு மட்டும் ரொம்ப சந்தோஷப்பட்டாரு.

தை மாசம் பால் காய்ச்சினோம். அக்காவும் மாமாவும் குத்துவிளக்கு ஒண்ணு வாங்கிக்கினு வந்தாங்க. பந்தியில மாமாவுக்கு நான்தான் பரிமாறினேன். பேச்சுவாக்குல, "அன்னிக்குப் பையில எடுத்தாந்தீங்களே, அவ்ளோ பணம் எப்படி மாமா கையில இருந்துச்சு?"ன்னு கேட்டேன். அவரு எலையப் பாத்துக்கினே சொன்னாரு. அந்த சனிக்கிழமை, அக்கா பெட்டியில இருந்த ஷேரு மொத்தத்தையும் எடுத்துக்கினு பாண்டிக்குப் போயி, ஒரு வியாபாரிகிட்ட பாதி வெலைக்குக் கொடுத்துட்டு, கையில பணமா வாங்கிக்கினு வந்துட்டாங்களாம். யாராவது வந்து கேட்டா இல்லன்னு சொல்லக் கூடாதுன்னு. "இப்ப அதெல்லாம் எங்கியோ ஏறிப் போச்சு"ன்னு பெருமூச்சு வுட்டாரு.

கரண்டிய அங்கேயே வச்சேன். எங்க வூட்டுக்காரரு பயத்துல பாதிக்குக் கேட்டதை ஒத்துக்காத மனுஷி, முந்தின நாளுதான் தன்னோடதைப் பாதிக்குக் கொடுத்துட்டு வந்து அந்த முக்காலியில ஒக்காந்திருந்திருக்காங்க. நேரா அக்கா எலைக்கு முன்னாடி போயி ஒக்காந்தேன்.

"ஏன்கா, பம்பாய் போற காசாச்சே அது. இத்தினி நாளா எனக்குத் தெரியவே இல்லையே. உங்க மூஞ்சில கூட வரலையே!"

"வருத்தம் இருந்தாத்தானேடி மூஞ்சில வரும்?"

நான் நம்பல. அந்த மூஞ்சிய எனக்கு எத்தினி வருஷமாத் தெரியும்! கிட்டப் போயி, கண்ணு, வாயி, காதுன்னு ஒவ்வொண்ணாத் தேடித் தேடிப் பாத்தேன். அவங்களும் நல்லாப் பாத்துக்கோன்னு அசையாம காட்டிக்கினு இருந்தாங்க. இன்னும் கொஞ்சம் பாயசம் வேணும்ங்கிறதைத் தவிர அதுல ஒண்ணும் இல்ல.